கிரேக்க, இலத்தீன் இலக்கியத்தில் பட்டப்பின் படிப்பு: திருகோணமலையிலிருந்து எப்படித் தொடங்குவது?

உப்புவெளி வாசகி:

வணக்கம். உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். தமிழில் சிறப்புக் கலைப் பட்டம் முடித்துவிட்டு இப்போது உயர்தரப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் எனக்கு ஒரு பாடம். அன்று தொற்றிய ஆசை இன்றுவரை குறையவில்லை. கிரேக்க நாடகாசிரியர் சோபொக்கிளீஸ் நூற்றுக்கு மேல் நாடகம் எழுதியவர்; முழுதாகக் கிடைத்திருப்பது ஏழுதான். அந்த ஏழையும் ஆங்கிலத்தில் படித்துவிட்டேன். ஹோமரின் இலியட், ஒடிசி, வேர்ஜிலின் இலத்தீன் காவியமான ஈனியட் எல்லாம் அப்படித்தான் படித்தேன்.

கிரேக்க இலக்கியத்தில் முதுகலைமாணி செய்ய வேண்டும், முடிந்தால் கலாநிதிப் பட்டம் வரை போக வேண்டும். ஆனால் எனக்குக் கிரேக்க எழுத்தே இப்போதுதான் பழக்கமாகிறது. இலத்தீன் சுத்தமாகத் தெரியாது. மொழிபெயர்ப்பில் படித்ததை மட்டும் வைத்து எந்தப் பல்கலைக்கழகமாவது எடுக்குமா? இங்கே இருந்துகொண்டே மொழிகளைக் கற்க வழி உண்டா? வெளிநாடு என்றால் எந்த நாடு? சொந்தக் காசில் போகக்கூடிய வீடு இல்லை எங்களுடையது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தூரத்து வடலி:

தங்கச்சி, எனக்கு ஊர் நிலாவெளி. இப்போது பிரித்தானியாவில் இலத்தீன் இலக்கியத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்கிறேன். உங்கள் பதிவைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மொழி இல்லாமல் இந்தத் துறையில் மேலே போக முடியாது. இதில் யாரும் உங்களுக்கு ஆறுதல் சொல்லி ஏமாற்றக் கூடாது. வரலாறு, தொல்லியல், மெய்யியல் என்று பக்கத்துத் துறைகளில் ஓரளவு மொழிபெயர்ப்போடு சமாளிக்கலாம். இலக்கியம் என்று வந்தால் மூலத்தை வாசிக்கத்தான் வேண்டும். ஒக்ஸ்போர்டில் கிரேக்க, இலத்தீன் இலக்கியத்துக்கு ஒன்பது மாதப் படிப்பு ஒன்றும், இரண்டு வருட முதுதத்துவமாணி ஒன்றும் இருக்கின்றன. ஒரு மொழியையாவது நன்றாக வாசிக்கக்கூடியவரைத்தான் அங்கே எதிர்பார்ப்பார்கள். வேறு சில பல்கலைக்கழகங்களில் முதுகலைமாணியிலேயே தொடக்கநிலைக் கிரேக்கத்தை ஒரு தாளாக எடுக்க விடுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு வருடத்தில் எழுத்தில் தொடங்கி, அந்த வருடம் முடிவதற்குள் கலாநிதிப் பட்டத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும் என்றால் நடக்காத காரியம். விண்ணப்பம் போகிற மார்கழி, தை மாதங்களில் நீங்கள் இன்னும் வினைச்சொல் வாய்பாட்டில்தான் நிற்பீர்கள்.

அதனால் என் கருத்து: முதலில் ஊரிலிருந்தே இரண்டு வருடம் மொழிக்குக் கொடுங்கள். வகுப்பு எடுத்துக்கொண்டே செய்யலாம். நாடகம்தான் விருப்பம் என்பதால் கிரேக்கத்தில் தொடங்குங்கள். அது காலூன்றிய பிறகு இலத்தீன். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கிய பலர் இரண்டையும் விட்டிருக்கிறார்கள்.

சீனன்குடா:

வடலி அக்கா சொல்வதில் பெரும்பகுதி சரி. நான் அமெரிக்காவில் இந்தத் துறையில் இரண்டாம் வருடம். இங்கே முறை வேறு. பட்டம் முடித்தவர் முதுகலைமாணி இல்லாமலே கலாநிதிப் பட்டத்துக்குச் சேரலாம். பெரிய பல்கலைக்கழகங்களில் சேர்ந்துவிட்டால் கட்டணமும் இல்லை, ஐந்தாறு வருடத்துக்கு மாத உதவித்தொகையும் வரும். பதிலுக்குக் கற்பித்தல் வேலை செய்ய வேண்டும். சொந்தக் காசு இல்லாதவருக்கு உலகத்திலேயே நல்ல வழி இதுதான்.

சேர்வதுதான் கடினம். பென்சில்வேனியா போன்ற சில இடங்களில், பட்டம் முடித்து மொழி போதாதவர்களுக்கென்றே ஒரு இடைப்பட்ட படிப்பு வைத்திருக்கிறார்கள். மொழியை மட்டும் தீவிரமாகப் படித்துவிட்டுப் பிறகு கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்குப் பெரும்பாலும் காசு நாமே கட்ட வேண்டும், எனவே உங்களுக்குச் சரிவராது. அதில் கற்பிப்பதை வீட்டில் இருந்தே எட்டுவதுதான் வழி.

உள்ளே வந்த பிறகும் மொழிச் சோதனை விடாது. வாசிப்புப் பட்டியல் என்று ஒன்று தருவார்கள். ஹோமரில் இத்தனை பாகம், துசிடிடீஸில் இத்தனை, சிசரோவில் இத்தனை என்று இரண்டு மொழியிலும் நீளும். அந்தப் பட்டியலிலிருந்து எதையும் எடுத்து மொழிபெயர்க்கச் சொல்வார்கள். பட்டியலில் இல்லாத, முன்பின் பார்க்காத பகுதியும் வரும். அதோடு ஜேர்மனும், பிரெஞ்சு அல்லது இத்தாலியனும் வாசிக்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் முக்கியமான உரைகளும் ஆய்வுகளும் அந்த மொழிகளில் கிடக்கின்றன.

உவர்மலை:

நான் இந்தத் துறைக்கு வெளியே இருப்பவன், ஆனாலும் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. தங்கச்சி தமிழில் சிறப்புப் பட்டம் எடுத்தவர். நம் மாவட்டத்தில் வாசிக்கப்படாத ஏடுகள் வீடுகளில் கிடந்து செல்லரிக்கின்றன. கல்வெட்டுப் படிக்க ஆள் இல்லை. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தபோது எத்தனை கட்டு ஏடு தொலைந்தது என்று எவரும் கணக்கு எடுக்கவில்லை. இவ்வளவு வேலை இங்கே கிடக்க, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் உள்ளவர்கள் ஏற்கெனவே ஐந்நூறு வருடமாகத் தோண்டி முடித்த இலக்கியத்துக்கு ஏன் போக வேண்டும்? கோபத்தில் கேட்கவில்லை. இப்படி ஒரு பிள்ளை போனால் நமக்குத்தான் இழப்பு என்று மனம் சொல்கிறது.

அதோடு வேலை. அமெரிக்காவில் ஹவார்ட் (Howard) பல்கலைக்கழகம் 2021இல் கிரேக்கமும் இலத்தீனும் கற்பிக்கும் தன் செவ்வியல் துறையையே மூடியதைச் செய்தியில் படித்தேன். அங்கேயே அப்படி என்றால் இங்கே என்ன செய்வது?

உப்புவெளி வாசகி:

அண்ணா, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. அம்மாவும் வேறு சொற்களில் இதைத்தான் கேட்கிறா.

என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். அம்மம்மாவின் ஊர்க் கோயிலில் வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி வழக்குரை பாடுவார்கள். ஏட்டைப் பார்த்துத்தான் பாடுவார்கள், வாய்க்கு வந்ததைப் பாடுவதில்லை. ஒருவர் களைத்தால் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுப்பார். குளிர்த்திப் பாட்டு வரும்போது கோயிலடி முழுக்கச் சனம் எழுந்து நிற்கும். சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள் நான். பிறகு இலியட்டைப் பாடகர்கள் விழாவில் பாடினார்கள் என்று பாடநூலில் படித்தபோது, அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. என் ஆசை அங்கேதான் தொடங்கியது. தமிழை விட்டுப் போகிற எண்ணம் துளியும் இல்லை. ஆனால் கிரேக்கத்தை மொழிபெயர்ப்பில் வைத்துக்கொண்டு இந்த ஒப்பீட்டைச் செய்தால், இரண்டு பக்கத்திலும் தெரிந்தவர் எழுதியதாக அது இருக்காது.

தூரத்து வடலி:

இதை ஏன் முதற்பதிவிலேயே எழுதவில்லை? இதுதான் உங்கள் விண்ணப்பத்தின் உயிர்நாடி.

உவர்மலை அண்ணாவுக்கு: ஈழத்துத் தமிழாய்வின் இரண்டு பெரிய பெயர்களைச் சொல்லுங்கள் என்றால் கைலாசபதி, சிவத்தம்பி என்றுதான் சொல்வீர்கள். இரண்டு பேரும் கலாநிதிப் பட்டம் செய்தது பேர்மிங்ஹாமில், ஜோர்ஜ் தொம்சன் என்ற கிரேக்கப் பேராசிரியரிடம். ஈஸ்கிலஸ் நாடகங்களையும் அதென்ஸ் சமூகத்தையும் சேர்த்துப் படித்தவர் அவர். கைலாசபதியின் ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் பதிப்பாக வந்தது. சங்கப் பாடல்களைப் பாணர் மரபின் வாய்மொழிப் பாட்டாக அவர் வாசித்தார். அந்த வாசிப்புக்கு அடிப்படை ஹோமர் ஆய்வு. மில்மன் பரி என்ற இளைஞர் 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் ஊர்ப் பாடகர்களைப் பதிவு செய்து, ஹோமரின் அடிகள் ஏன் அப்படித் திரும்பத் திரும்ப வருகின்றன என்று விளக்கினார். அவர் 33 வயதில் இறந்துபோக, அவருடைய மாணவர் அல்பேர்ட் லோர்ட் 1960இல் அந்த வேலையை நூலாக்கினார். சிவத்தம்பி பழந்தமிழர் நாடகத்தை ஆராய்ந்ததும் கிரேக்க நாடகத்தின் தோற்றத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான்.

கைலாசபதியின் முடிவைப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. சங்கப் புலவர்கள் எழுத்தறிவு உள்ளவர்கள், பாணரின் பாட்டை மாதிரியாக வைத்துத் தாங்கள் எழுதினார்கள் என்று ஜோர்ஜ் ஹார்ட் வாதிட்டார். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அந்த விவாதமே எழுந்தது கிரேக்கம் தெரிந்த ஒருவரிடம் நம் ஆள் போய்ப் படித்ததால்தான். கைலாசபதி ஹோமரைக் கொண்டு தமிழைப் பார்த்தார். தங்கச்சி கண்ணகி சடங்கைக் கொண்டு ஹோமரைப் பார்க்கலாம். அந்தத் திசையில் போனவர்கள் மிகக் குறைவு.

இப்போது ஆய்வுத் தலைப்பைப் பற்றி. "கண்ணகியும் சோபொக்கிளீஸின் அன்ரிகனியும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இரண்டு பெண்களும் அரசனை எதிர்த்தார்கள், இருவரும் நீதி கேட்டார்கள் என்று நாலு பக்கத்தில் முடிந்துவிடும். நீங்கள் சொன்ன அந்த ஏடு, அந்த மாறி மாறிப் பாடுவது, அதைப் பிடியுங்கள். பரி பதிவு செய்த பாடகர்கள் பாடும்போதே கட்டிப் பாடியவர்கள். வழக்குரை பாடுபவர்கள் எழுதிவைத்த பாட்டைப் பாடுகிறவர்கள். கிரேக்கத்திலும் பின்னாளில் இப்படியான ஆட்கள்தான் இருந்தார்கள். ராப்சோட் என்பார்கள், நிலைபெற்ற ஹோமரை மேடையில் பாடியவர்கள். பிளேட்டோவின் ஈயோன் முழுக்க அப்படி ஒருவரோடு நடக்கிற உரையாடல். பிளேட்டோ பெயரில் வழங்கும் ஹிப்பார்க்கஸ் என்ற சின்ன உரையாடலில் ஒரு செய்தி வருகிறது: அதென்ஸின் பெருவிழாவில் பாடகர்கள் ஹோமரை வரிசை தவறாமல், ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் எடுத்துப் பாட வேண்டும் என்று விதி செய்யப்பட்டதாம். உங்கள் அம்மம்மா ஊரில் நடப்பது அதுதானே! அந்த விதி பாட்டை எப்படிக் கட்டிக் காத்தது, எங்கே மாற்ற இடம் கொடுத்தது என்று கேட்க உங்களிடம் கண்ணால் பார்த்த ஒரு மரபு இருக்கிறது. இங்கே என் துறையில் இருக்கும் எவரிடமும் அது இல்லை.

உவர்மலை:

பேர்மிங்ஹாம் விவரம் எனக்குப் புதிது. கேள்வியின் பாதிக்குப் பதில் கிடைத்துவிட்டது. வேலை விடயம் அப்படியே இருக்கிறது.

கிண்ணியா வாசகன்:

இடையில் ஒரு சின்ன விடயம். நான் அரபு மத்ரசாவில் ஓதியவன், கிரேக்கம் தெரியாது. ஆனால் இந்தத் துறையில் அரபுக்கும் இடம் இருக்கிறது என்பதைத் தங்கச்சி தெரிந்துகொள்ள வேண்டும். அரிஸ்டோட்டிலின் கவிதையியலை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் அதற்கு முக்கியமான கைப்பிரதிகள் சிலதான். அவற்றைச் சரிபார்க்க உதவுவது அபூ பிஷ்ர் மத்தா பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் சிரியாக் மொழியிலிருந்து செய்த அரபு மொழிபெயர்ப்பு. 1278இல் மொயர்பேக்கின் வில்லியம் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பும் இன்னொரு சாட்சி. 2012இல் வந்த பதிப்பில் கிரேக்க அறிஞர் ஒருவரும் அரபு அறிஞர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் மூலத்தை நிறுவினார்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் அரபு நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இப்படி ஒரு வாசல் இருப்பதாக யாரும் சொல்வதில்லை.

பழைய குருமடம்:

மகள், நான் எண்பதை நெருங்குகிறவன். இளமையில் குருமடத்தில் சேர்ந்து இலத்தீன் படித்தேன், பிறகு குருவாகாமல் ஆசிரியரானேன். எங்கள் காலத்தில் பூசை முழுவதும் இலத்தீனில்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழுக்கு வந்தது. அதனால் என் வயதை ஒத்த கத்தோலிக்கர் பலருக்கு இலத்தீன் காதில் பழகிய மொழி.

தமிழ் படித்தவர் இலத்தீனுக்குப் பயப்படத் தேவையே இல்லை. வேற்றுமை உருபு என்றால் என்ன என்று ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு விளக்க ஒரு தவணை போகும். எட்டு வேற்றுமை படித்த உங்களுக்கு இலத்தீனின் ஆறும் கிரேக்கத்தின் ஐந்தும் பெரிய காரியமா? சொற்களை வாக்கியத்தில் எங்கே வைத்தாலும் உருபு பொருளைக் காட்டிவிடும் என்பதும் செய்யுளில் பழகியதுதான். யாப்பு இன்னும் நல்ல உதாரணம். வேர்ஜிலின் அடியில் ஆறு சீர். ஒவ்வொரு சீரிலும் ஒரு நெடிலும் இரண்டு குறிலும், அல்லது இரண்டு நெடில். ஐந்தாம் சீர் பெரும்பாலும் நெடில் குறில் குறிலாகவே வரும், கடைசிச் சீர் ஈரசை. ஆங்கிலச் செய்யுள் அழுத்தத்தை வைத்து நடப்பது, ஆகவே அவர்களுக்கு இந்தக் கணக்கு காதில் ஏறுவது கஷ்டம். குறிலும் நெடிலும் நமக்குப் பாலர் வகுப்புப் பாடம். ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். தமிழில் குறில் தனித்து நின்றாலும் ஒற்றடுத்து நின்றாலும் நேரசைதான். அங்கே ஒற்றால் மூடிய குறில் நெடிலின் கணக்கில் சேர்ந்துவிடும். இதை முதல் வாரத்திலேயே மனதில் இருத்திக்கொண்டால் வாய்விட்டு வாசிக்கலாம். வாய்விட்டே வாசியுங்கள், மகள். கண்ணால் மட்டும் படித்த இலத்தீன் தங்குவதில்லை.

உவர்மலைத் தம்பிக்கும் ஒன்று. இலத்தீன் தெரிந்தால் செய்யக்கூடிய தமிழ் வேலை மலைபோல் இருக்கிறது. சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜேர்மனியின் ஹாலேயில் அச்சானது, அது இலத்தீன். வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது, அதுவும் இலத்தீன். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் பெயர்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரவுல் இன்னொரு இலத்தீன் மொழிபெயர்ப்புச் செய்தார். இவற்றை மூலத்தில் வாசித்து, குறளோடும் பரிமேலழகர் உரையோடும் வரிவரியாக ஒப்பிடக்கூடியவர்கள் எத்தனை பேர்? தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் முடியாது, இலத்தீன் மட்டும் தெரிந்தவருக்கும் முடியாது. உரோமில் படித்துவிட்டு வந்த தனிநாயகம் அடிகள் சங்கப் பாடல்களின் இயற்கையைப் பற்றி எழுதியபோது கிரேக்க, இலத்தீன் கவிதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகப் பாடுபட்டவரும் அவரே. நம் திருகோணமலை இந்துக் கல்லூரிக்கு அதிபராக இருந்த விபுலாநந்த அடிகளும் யவனரின் கலையைப் பற்றி எழுதியவர்தான். நம்மவர்கள் இந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்திருக்கிறார்கள்.

உப்புவெளி வாசகி:

ஐயா, மிகவும் நன்றி. யாப்பைப் பற்றிச் சொன்னதை இன்றே எழுதிவைத்துக்கொண்டேன்.

இப்போது நடைமுறைக் கேள்வி. எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? இங்கே நூலகத்தில் கிரேக்கம் ஒன்றும் இல்லை.

சீனன்குடா:

கிரேக்கத்துக்கு அதெனாஸே என்ற பாடநூல். கதையாகப் போகும், தனியாகப் படிப்பவருக்கு ஏற்றது. இலக்கணம் ஒழுங்காக வேண்டும் என்றால் ஹான்சன், குயின் எழுதியது. இலத்தீனுக்கு ஓர்பேர்க் எழுதியது, முதற்பக்கத்திலிருந்தே முழுக்க இலத்தீன்தான். அது பிடிக்காவிட்டால் வீலொக். உங்களுக்கு இலக்கணப் பயிற்சி இருப்பதால் வீலொக் நன்றாகப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

காசு இல்லாமல் கிடைப்பவை: பேர்சியஸ் மின்னூலகத்தில் மூலமும் மொழிபெயர்ப்பும் உண்டு, சொல்லைத் தொட்டால் இலக்கணக் குறிப்பு வரும். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் லொகையோனில் பெரிய அகராதிகள் எல்லாம் ஒரே இடத்தில். டிக்கின்சன் கல்லூரி கிரேக்கத்துக்கு 500 சொல்லும் இலத்தீனுக்கு 1000 சொல்லும் கொண்ட அடிப்படைப் பட்டியல் வைத்திருக்கிறது. சாதாரணமான ஒரு பகுதியில் பாதிக்கு மேற்பட்ட சொற்கள் அதற்குள் அடங்கிவிடும், முதலில் அதை மனப்பாடம் செய்யுங்கள். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஆங்கிலம் என்று வரும் லோப் வரிசை 1911இல் தொடங்கியது. பழைய பதிப்புகள் காப்புரிமை முடிந்து இணையத்தில் கிடக்கின்றன. ஆனால் வலப்பக்கத்தை மூடிவைத்துப் படியுங்கள்.

பேர்சியஸ் சொல்லைத் தொட்டுத் தொட்டுப் படிப்பதிலும் ஆபத்து உண்டு. வாசிக்கிற மாதிரியே இருக்கும், ஒன்றும் தலையில் நிற்காது. ஒரு பகுதியை அச்செடுத்து, பேனையோடு உட்கார்ந்து, முழுதும் முயன்ற பிறகுதான் திரையைத் திறக்க வேண்டும். பாடநூல் முடிந்ததும் லீசியஸின் முதல் உரை. மனைவியின் கள்ளக் காதலனைக் கொன்றவன் நீதிமன்றத்தில் தன் தரப்பைச் சொல்வது. நடை எளிது, கதை விடாது. அப்புறம் பிளேட்டோ, அதன் பிறகு ஹோமர், கடைசியில் சோபொக்கிளீஸ். அவருடைய குழுப்பாட்டுகள் மிகவும் கடினம், அதில் தொடங்கி மனம் உடைந்துவிட வேண்டாம்.

தூரத்து வடலி:

உதவித்தொகை பற்றி. பிரித்தானிய அரசின் செவெனிங் புலமைப்பரிசில் ஒரு வருட முதுகலைமாணிக்கு முழுச் செலவும் தரும். இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், முடிந்ததும் இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும். நீங்கள் வகுப்பு எடுத்த காலத்துக்கு எழுத்தில் சான்று வைத்திருங்கள். பொதுநலவாயப் புலமைப்பரிசில் அபிவிருத்தி சார்ந்த கருப்பொருள்களின் கீழ்தான் விண்ணப்பங்களைப் பார்க்கிறது, பழைய இலக்கியத்தை அதற்குள் பொருத்துவது கஷ்டம். ஒக்ஸ்போர்டின் கிளாரெண்டன் புலமைப்பரிசிலுக்குத் தனி விண்ணப்பம் தேவையில்லை, உரிய திகதிக்குள் படிப்புக்கு விண்ணப்பித்தால் சேர்த்துப் பார்ப்பார்கள்.

ஜேர்மனியை யாரும் சொல்லவில்லை. அங்கே பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஹம்பேர்க்கில் கிரேக்க, இலத்தீன் மொழியியல் துறையும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது, கைப்பிரதிகளை ஆராய்வதற்கென்றே ஒரு மையமும் இருக்கிறது. சங்க நூல்களை ஏடுகளிலிருந்து புதிதாகப் பதிப்பிக்கும் வேலையில் அங்குள்ளவர்களும் பங்குகொண்டார்கள். ஏட்டைப் பார்த்துப் பாடும் மரபை ஆராய அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஜேர்மன் மொழி வேண்டும். எப்படியும் இந்தத் துறைக்கு அது தேவைதான்.

நாட்டுக்குள்ளே பேராதனையிலும் களனியிலும் மேலைச் செவ்வியல் கற்பிக்கிறார்கள். பேராதனையின் வீரக்கொடி, கிரேக்கரும் உரோமரும் இலங்கையைப் பற்றி எழுதியதை எல்லாம் ஒரே நூலில் தொகுத்து 1997இல் வெளியிட்டார். மேர்லின் பீரிஸ் ஜாதகக் கதைகளையும் கிரேக்கக் கதைகளையும் ஒப்பிட்டார். விண்ணப்பிப்பதற்கு முன் ஒருமுறையாவது கண்டிக்குப் போய் அங்குள்ள விரிவுரையாளர்களைச் சந்தியுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதுபவர்களில் ஒருவராவது உங்கள் கிரேக்க வாசிப்பை நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் தனியாகப் படித்த மொழியை எவரும் நம்ப மாட்டார்கள்.

வேலை பற்றி உவர்மலை அண்ணாவின் பயம் சரியானதுதான். விரிவுரையாளர் இடங்கள் மிகக் குறைவு. கலாநிதிப் பட்டம் முடித்த என் நண்பர்களில் பலர் பாடசாலைகளில் இலத்தீன் கற்பிக்கிறார்கள், சிலர் துறையை விட்டே போய்விட்டார்கள். அதனால்தான் உதவித்தொகை இல்லாத இடத்துக்குக் கடன்பட்டுப் போக வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வீட்டை ஈடு வைத்துப் படிக்கிற படிப்பாக இதை ஆக்கக் கூடாது. தங்கச்சிக்கு உள்ள அனுகூலம், தமிழ்த் துறைகளும் அவருக்குத் திறந்திருக்கும் என்பது.

உவர்மலை:

கடன் வேண்டாம் என்பதில் நானும் உடன்படுகிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். தங்கச்சி எங்கே போனாலும், போவதற்கு முன் அந்தக் கோயில் ஏட்டைப் படம்பிடித்து வைத்துவிட்டுப் போகட்டும். பாடுகிறவர்களின் குரலையும் பதிவு செய்யட்டும். நல்ல கமரா என்னிடம் இருக்கிறது, கோயில் நிர்வாகம் சம்மதித்தால் வைகாசியில் நானே வருகிறேன்.

உப்புவெளி வாசகி:

அண்ணா, இதை நான் எதிர்பார்க்கவில்லை. பூசாரி ஐயாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். ஏட்டை வெளியே எடுக்க ஒரு முறை இருக்கிறது, அதை மீறாமல் செய்ய வேண்டும்.

என் முடிவு இதுதான். கிரேக்கத்தைத் தை மாதம் தொடங்குகிறேன். காலையில் வகுப்புக்கு முன் ஒரு மணித்தியாலம். அது ஓரளவு பிடிபட்ட பிறகு ஐயாவிடம் இலத்தீன், அவர் சம்மதித்தால். இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவுக்கும் ஹம்பேர்க்குக்கும் விண்ணப்பிப்பேன். ஜேர்மன் வகுப்பு எங்கே என்று இனித்தான் தேட வேண்டும்.

பழைய குருமடம்:

சம்மதம் கேட்க வேண்டுமா, மகள்? என்னிடம் பழைய இலத்தீன் இலக்கணமும் அகராதியும் இருக்கின்றன. தனியாக ஒருவருக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட நாலைந்து பேர் சேர்ந்து வாசித்தால் நல்லது. வெள்ளிக்கிழமை மாலை இணையத்தில் கூடலாம், கிண்ணியாத் தம்பியும் வரட்டும்.

இலக்கணம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசிக்க ஒரு மூலமும் வேண்டும். உரோம எழுத்தாளர் பிளினியின் இயற்கை வரலாறு, ஆறாம் புத்தகத்தில் நம் தீவைப் பற்றி வரும் பகுதியை எடுப்போம். அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரின் ஆள் ஒருவன் அரேபியாவைச் சுற்றிப் போகும்போது காற்றில் அள்ளுண்டு பதினைந்தாம் நாள் இங்கே கரை ஒதுங்குகிறான். வெவ்வேறு அரசர்களின் தலை பொறித்த உரோம வெள்ளிக் காசுகள் ஒரே நிறையாக இருப்பதைப் பார்த்து, இவர்கள் நேர்மையானவர்கள் என்று நம் அரசன் வியந்து, கிளவுடியஸ் காலத்தில் நாலு தூதுவரை உரோமுக்கு அனுப்புகிறான்.

தூரத்து வடலி:

நல்ல தெரிவு, ஐயா. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் அன்னியஸ் பிளோகாமஸ் என்ற அதே பெயருடைய ஒருவரின் அடிமை கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பாறையில் தன் பெயரைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறான், கிறிஸ்துவுக்குப் பின் 6ஆம் ஆண்டு. அந்தக் குடும்பத்தின் பெயர் நூலுக்கு வெளியிலும் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

வாசிக்கும்போது ஓர் இடத்தில் கட்டாயம் நின்று விவாதியுங்கள். நம் தூதுவர்கள் உரோமில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தையும் சப்தரிஷி மண்டலத்தையும் பார்த்து, புதிய வானத்தைக் கண்டதுபோல வியந்தார்கள் என்று பிளினி எழுதுகிறார். இரண்டையும் உப்புவெளிக் கடற்கரையில் நின்றே பார்க்கலாம். அப்படியானால் இந்தச் செய்தி தூதுவர் வாயிலிருந்து வந்ததா, அல்லது தென்திசை நாடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டதா? உரையாசிரியர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நான் பார்த்து வருகிறேன். நீங்கள் மூலத்தில் அந்த வாக்கியத்தை மட்டும் தயார் செய்து வாருங்கள்.

கிண்ணியா வாசகன்:

நானும் வருகிறேன். இஷாத் தொழுகைக்குப் பிறகு என்றால் வசதி.

பழைய குருமடம்:

அப்படியே வைத்துக்கொள்வோம், இரவு எட்டரை. முதல் கிழமைக்கு முதலாம் விகற்ப (first declension) இலத்தீன் பெயர்ச்சொற்களின் வேற்றுமை வாய்பாட்டை எல்லோரும் எழுதிக்கொண்டு வாருங்கள்.